காய்ந்த புல் கட்டுக்குள் கிலுகிலுப்பைக் காய்: குதிரைக்குப் போடலாமா?

மஞ்சக்குட்டை தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏற்காட்டுல மஞ்சக்குட்டை பக்கம் காப்பியும் மிளகும் வெச்சிருக்கோம். வீட்ல ரெண்டு குதிரை. ஒண்ணு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா சந்தையில வாங்கின பெண் குதிரை. செவலை, நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் வெள்ளை. இன்னொண்ணு வயசான மட்டக்குதிரை, எங்க மாமனார் காலத்துல இருந்தே இருக்கு.

மழை பிடிச்சிட்டா மலையில புல் அறுத்துக் காய வைக்க வழியில்லை. பனிமூட்டம் விலகறதுக்குள்ள அறுத்த புல் பூஞ்சை பிடிச்சிடுது. அதனால கீழே வாழப்பாடி பக்கத்துல இருந்து காஞ்ச புல்லைக் கட்டாக் கட்டி வேன்ல ஏத்திட்டு வர்றோம். இந்தத் தடவை வந்தது ஏரிக்குள்ள அறுத்த புல்லுன்னு சொன்னாங்க. அருகு, கோரை, கொஞ்சம் ஊசிப்புல். நிறம் மங்கலை, வாசனையும் நல்லா இருந்துது.

நேத்து ஒரு கட்டை அவிழ்த்து உதறினப்ப கலகலன்னு சத்தம் வந்துது. பார்த்தா கிலுகிலுப்பைக் காய். கறுத்துப் போய், உப்பி, உள்ள விதை உருளுது. அதோட நுனி சுருண்ட காஞ்ச பூக்காம்பு சிலதும் கிடந்துது. எங்க வீட்டுல வேலை செய்யற அம்மா அதைத் தேள்கொடுக்குன்னு சொன்னாங்க. மத்த கட்டுல என்ன இருக்குன்னு இன்னும் பிரிச்சுப் பார்க்கலை.

பெண் குதிரை உதட்டாலயே ஒதுக்கி ஒதுக்கித் தின்னுது. மட்டக்குதிரைக்குப் பல் தேஞ்சு போச்சு, அதனால அதுக்குப் புல்லை நறுக்கித்தான் போடறோம். நறுக்கினதுல அது எதையும் ஒதுக்கறதில்லை, அதான் பயமா இருக்கு.

காஞ்சு போன செடியில விஷம் இருக்குமா? காயை மட்டும் பொறுக்கிப் போட்டுட்டு மீதியைக் கொடுக்கலாமா? ரெண்டும் இப்போதைக்கு நல்லாத்தான் இருக்குதுங்க, தின்னுது, சாணி சரியாப் போடுது.

ஆத்தூர் பட்டிக்காரன்

அக்கா, எங்க வெள்ளாடெல்லாம் கரட்டுல கிலுகிலுப்பையைக் கடிச்சுக்கிட்டுதான் திரியுது, இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லை. பச்சையாத் தின்னே ஒண்ணும் ஆகலைன்னா காஞ்சதுல என்ன ஆகப்போகுது? காயைப் பொறுக்கிட்டுப் போடுங்க, போதும்.

குப்பனூர் அடிவாரம்

அம்மா, முதல்ல அந்த லோடுல இருந்து இன்னொரு பிடிகூட போடாதீங்க. மீதியை அப்புறம் பேசிக்கலாம். நான் குப்பனூர்ல, மலை ஏறற ரோட்டுக்குப் பக்கத்துல, ரொம்ப வருசமா குதிரை வெச்சிருக்கேன். புல் விசயத்துல மட்டும் நான் யார் பேச்சையும் நம்பி இறக்கறதில்லை.

ஆத்தூர் தம்பி சொன்னது ஆட்டுக்குச் சரி. கிலுகிலுப்பையில இருக்கிற விஷத்தை வெள்ளாடும் செம்மறியும் பெருமளவு தாங்கிக்கும். மாடு அப்படித் தாங்காது, குதிரை சுத்தமாத் தாங்காது. ஆட்டை வெச்சுக் குதிரைக்கு முடிவு பண்ணக்கூடாது தம்பி.

காஞ்சா விஷம் போயிடும்ங்கிற பேச்சு எங்க இருந்து வந்துதுன்னா, சோளத்துல இருந்து வந்துது. மழையில்லாம வாடின இளஞ்சோளத்தையும் மறுதாம்புத் துளிரையும் தின்னா மாடு அங்கயே விழுந்துடும்னு நம்ம ஜில்லாவுல எல்லாருக்கும் தெரியும். அதுல இருக்கிறது சயனைடு. தட்டையா அறுத்து வெயில்ல நல்லாக் காயப்போட்டா அதுல பெரும்பகுதி ஆவியாப் போயிடும், அதனால காஞ்ச தட்டைத் தைரியமா மாட்டுக்குப் போடறோம். அந்தப் பழக்கத்தை எல்லாச் செடிக்கும் வெச்சுப் பார்க்கிறது ஆபத்து. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ரெண்டுலயும் இருக்கிறது வேற வகை. ஈரலைத் தாக்குற ஆல்கலாய்டு. வெயில்ல காஞ்சாலும் போகாது, போர்ல வருசக்கணக்கா இருந்தாலும் போகாது. விதையிலதான் அது அதிகம்.

இன்னும் சொல்லப் போனா, பச்சையை விடக் காஞ்சதுதான் குதிரைக்குக் கெடுதல். மேயற குதிரை அந்தச் செடி கிட்ட வந்தா கசப்பு தெரிஞ்சு விட்டுட்டுப் போயிடும். வேற புல் இருக்கிற வரைக்கும் அதைத் தொடாது. காஞ்ச பிறகு அந்தக் கசப்பு குறைஞ்சிடும், இலை நொறுங்கிப் புல்லோட புல்லாக் கலந்துடும், குதிரையால பிரிக்க முடியாது. உங்க பெண் குதிரை உதட்டால ஒதுக்கறது குச்சியையும் காயையும்தான். நொறுங்கின இலையும் உதிர்ந்த விதையும் வாய்க்குள்ளதான் போகும். மட்டக்குதிரைக்கு நறுக்கிப் போடறதா சொல்றீங்க, அதுதான் எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு. நறுக்கறதுக்கு முன்னாடி பார்த்தாதான் உண்டு. நறுக்கின பிறகு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

நான் எப்படிப் பார்ப்பேன்னு சொல்றேன். வேன்ல இருந்து இறக்கினதும் எல்லாக் கட்டையும் லாயத்துக்குள்ள அடுக்கறதில்லை. அங்கங்க இருந்து சில கட்டை எடுத்து, வெளியில வெளிச்சத்துல தார்ப்பாய் விரிச்சு அவிழ்ப்பேன். விளக்கு வெளிச்சத்துல எல்லாம் ஒரே வைக்கோல் நிறமாத் தெரியும், பகல்ல பார்க்கணும். கவைக்கோலால தூக்கித் தூக்கி நல்லா உதறணும். மேல நிக்கிற புல்லை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல தார்ப்பாய்ல என்ன விழுந்திருக்குன்னு பாருங்க. விதை, காய்த்தோல், நொறுங்கின இலை எல்லாம் கீழதான் இறங்கும். அதை ஒரு முறத்துல அள்ளிப் புடைச்சா புல் விதை பறந்துடும், கனமான விதை நிக்கும். கிலுகிலுப்பை விதை அவரைக்கொட்டை மாதிரி ஒரு பக்கம் உள்வாங்கி, சின்னதா, பளபளன்னு இருக்கும். ஆமணக்குக் கொட்டை, குன்றிமணி எல்லாம் பார்த்ததும் தெரிஞ்சிடும். ஊமத்தைக்காய் முள்ளோட அப்படியே வெடிச்சுக் கிடக்கும்.

அப்புறம் புல்லுக்கு வாங்க. எல்லா விஷச்செடிக்கும் பேர் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லீங்க. எது புல்லுன்னு தெரிஞ்சாப் போதும். புல்லோட தண்டுல கணு இருக்கும், இலை அந்தத் தண்டைச் சுத்தி உறை மாதிரி பிடிச்சிட்டு வரும், இலையில நரம்பு நீளவாட்டுல ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல ஓடும். கோரைக்குக் கணு இருக்காது, தண்டை உருட்டினா மூணு மூலை விரல்ல தட்டும். சத்து கம்மி, ஆனா விஷம் இல்லை. இந்த ரெண்டுலயும் சேராம, கிளை பிரிஞ்ச குச்சி, வலை நரம்பு ஓடின இலை, காய், முள், பூக்கொத்துன்னு எது வந்தாலும் எனக்கு அது வெளியதான். நல்ல செடியும் சிலது அதுல போகும், போகட்டும்.

கட்டுக்கு ஒண்ணு ரெண்டு குச்சி வந்தா பொறுக்கிட்டுப் போடலாம், அதுவும் என்ன செடின்னு தெரிஞ்சா மட்டும். நீங்க சொல்றதைப் பார்த்தா ஒரே கட்டுல காய் உதிர்ந்து, விதை கலந்து, கூடத் தேள்கொடுக்கும் இருக்கு. ரெண்டும் ஒரே உறுப்பைத்தான் கெடுக்கும். அதுல பொறுக்கிப் பிரயோசனம் இல்லை.

நான் கட்டைப் பார்க்கிறதை விடக் காட்டைப் பார்க்கிறதுலதான் அதிக நேரம் செலவு பண்ணுவேன். அறுக்கறதுக்கு முன்னாடி போனா செடி பூவோட நிக்கும், சின்னப் பையனுக்குக்கூட அடையாளம் தெரியும். தண்ணி வத்தின ஏரி உள்வாய்ல தேள்கொடுக்கு வரும், கரையில நெய்வேலிக் காட்டாமணக்கு நிக்கும். நெல் வயல் வரப்புல அறுத்த புல்லுன்னா, அந்த வயல்ல பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு போட்டாங்களான்னு கேளுங்க. சணப்பும் கிலுகிலுப்பை இனம்தான், தப்பி நின்னு காய் பிடிச்சது வரப்புல கிடக்கும். ரோட்டோரப் புல்லுல பார்த்தீனியம், பேயாவரை, ஊமத்தை. பார்த்தீனியம் கலந்த புல்லைக் கையாளறவங்களுக்கே தோல் அரிப்பு வரும். வேலியோரம் அறுத்தா சூபாபுல் தழை சேர்ந்து வரும். ஆட்டுக்கு நல்ல தீவனம்தான், ஆனா குதிரைக்குத் தொடர்ந்து போனா பிடரி முடியும் வால் முடியும் கொட்டிப் போகும்.

அறுக்கிற பொம்பளைங்ககிட்டப் பேசுங்க. யார் மாட்டுக்கு எந்தச் செடி ஆகாதுன்னு அவங்களுக்கு அத்துபடி. மாட்டுக்குன்னு நினைச்சு அறுக்கறாங்க, குதிரைக்குன்னு முன்னாடியே சொன்னா, கூலி கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தா, கையோட தள்ளிட்டு அறுப்பாங்க. மிசின் போட்டு உருளையாச் சுத்தின புல்லை நான் வாங்கறதில்லை. அதுல மனுசக் கண்ணே படறதில்லை, செடி எதுவா இருந்தாலும் சுத்தி இறுக்கிடும்.

உங்க மலையில இன்னொண்ணு இருக்கு, பெரணி, அதான் ஃபெர்ன்னு சொல்ற செடி. மரம் வெட்டின சரிவுல எல்லாம் இடுப்பளவு வளரும். அதைக் காய வெச்சு லாயத்துல படுக்கைக்குப் போடறவங்க உண்டு, நீங்க போடாதீங்க. படுக்கையில போட்டதைக் குதிரை தின்னும்.

மஞ்சக்குட்டை தோட்டம்

ஐயா, ரொம்ப நன்றிங்க. உங்க பதிலைப் படிச்சதும் புல்லை நிறுத்திட்டேன். இன்னைக்குக் காலையில வெயில் வந்ததும் முற்றத்துல தார்ப்பாய் விரிச்சு நாங்க எல்லாம் உக்காந்து மத்த கட்டையும் பிரிச்சோம். சில கட்டு சுத்தம், கோரையும் அருகும் தவிர எதுவும் இல்லை. சில கட்டுல உதறினதும் தார்ப்பாய் பூரா விதை. எல்லாம் ஒரே இடத்துல அறுத்தது இல்லைன்னு நல்லாத் தெரியுது.

பெரணி நீங்க சொன்னது சரிதான், மழைக்காலத்துல ஈரம் உறிஞ்சட்டும்னு சில்வர் ஓக் சருகோட அதையும் அள்ளிப் போடற வழக்கம் தோட்டத்துல இருக்கு. இனி சருகு மட்டும்தான்னு சொல்லிட்டேன்.

ஏற்கெனவே உள்ள போனதுக்கு என்ன பண்ணணும்? டாக்டர்கள் யாராவது இருந்தா சொல்லுங்களேன். பெண் குதிரையோட வெள்ளை மூக்குல நேத்து லேசா சிவந்த மாதிரி இருக்கு. வெயிலா, இதனாலயான்னு தெரியலை.

கால்நடை மருத்துவர், நாமக்கல்

மேடம், அந்தச் சிவந்த மூக்கை அலட்சியம் பண்ணாதீங்க. ஈரல் சரியா வேலை செய்யாதப்ப பச்சையத்துல இருந்து வர்ற ஒரு பொருள் ரத்தத்துல தேங்கிடும். அது தோலுக்கு வந்ததும் வெயில் பட்டா தோல் வெந்து போகும். நிறமி இல்லாத வெள்ளைத் தோல்லதான் முதல்ல தெரியும். சாதாரண வெயில் காயமாவும் இருக்கலாம், பூச்சிக்கடியாவும் இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். நிழல்ல கட்டுங்க.

குப்பனூர் ஐயா சொன்ன செடி விவரம் எல்லாம் சரி. ஆஸ்திரேலியாவுல கிம்பர்லி பகுதியில கிலுகிலுப்பை இனச் செடியைத் தின்ன குதிரைங்களுக்கு வர்ற நோய்க்கு அந்த ஊர்ப் பேரையே வெச்சு, கிம்பர்லி குதிரை நோய்னு சொல்றாங்க. தின்ன உடனே தெரியாது. வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல கழிச்சுத்தான் வரும், அதுக்குள்ள தின்ன புல்லே மறந்து போயிருக்கும். ஈரலோட பெரும்பகுதி கெடுற வரைக்கும் குதிரை வெளியில நல்லாவே நடமாடும். அதனால இப்போ நல்லாத் தின்னுதுங்கிறதை வெச்சு நிம்மதி ஆக முடியாது.

நீங்க பார்க்க வேண்டியது: உடம்பு இளைக்கிறது, தீவனத்துல நாட்டம் குறையறது, கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளாறது, அடிக்கடி கொட்டாவி விடறது. முத்திட்டா நோக்கமே இல்லாம நேரா நடந்துட்டே இருக்கும், வேலி வந்தாலும் நிக்காது, சுவத்துல நெத்தியை வெச்சு அழுத்திக்கிட்டு நிக்கும். அந்த நிலைமையில பக்கத்துல போறவங்களுக்கும் ஆபத்து. முறிவு மருந்து கிடையாது. முன்கூட்டியே தெரிஞ்சா தீவனத்தை மாத்தி, ஈரலுக்குப் பளு குறைச்சு, மிச்சம் இருக்கிற ஈரலைக் காப்பாத்தப் பார்க்கலாம். ஜி.ஜி.டி. உள்ளிட்ட ஈரல் நொதிகளை இப்போ ஒரு தடவை பார்த்துட்டு, சில வாரம் கழிச்சு மறுபடி பாருங்க. ரெண்டு குதிரைக்கும் பார்க்கணும், நல்லா இருக்கிறதா நினைக்கிற மட்டக்குதிரைக்கும் சேர்த்து.

செடியில ஒரு துண்டு, காய், விதையோட, பேப்பர் கவர்ல போட்டு டாக்டர்கிட்டக் கொடுங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டா வியர்த்து அழுகிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கு, உங்க ஜில்லாவுலயே தலைவாசல் கல்லூரியும் இருக்கு.

பெரணி வேற மாதிரி. அது உடம்புல இருக்கிற பி1 வைட்டமினை அழிக்கும். தொடர்ந்து தின்ன குதிரை தள்ளாடும், காலை அகட்டி முதுகை வளைச்சு நிக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா பி1 ஊசியில மீட்டுடலாம், அதனால பெரணி படுக்கை போட்டிருந்த விவரத்தையும் மறக்காம டாக்டர்கிட்டச் சொல்லுங்க.

ஒண்ணு எல்லாருக்கும் சொல்லணும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது போனதுதான். அதே காரணத்துக்காக, புல் ஏத்தற வேன்ல அதுக்கு முன்னாடி என்ன ஏத்தினாங்கன்னு கேளுங்க. எங்க பக்கம் கோழித்தீவன மூட்டை ஏத்தாத வண்டி குறைவு. கறிக்கோழித் தீவனத்துல ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கிற மோனென்சின் மாதிரியான மருந்து கோழிக்கு ஒண்ணும் பண்ணாது, குதிரைக்கு ரொம்பச் சின்ன அளவுலயே இதயத்தைக் கெடுத்துடும். வண்டியைக் கூட்டிட்டு ஏத்தச் சொல்லுங்க, கோழித்தீவனச் சாக்குல புல்லையோ கொள்ளையோ அடைக்க விடாதீங்க.

பனமரத்துப்பட்டி பூக்காடு

நான் குதிரை வளர்க்கலைங்க, அரளி வெச்சிருக்கேன். இங்க எங்க பார்த்தாலும் அரளிதான், தினம் மொட்டு பறிச்சு சேலம் மார்க்கெட்டுக்குப் போகுது. படிச்சுட்டு ஒண்ணு சொல்லத் தோணுது.

செடியைக் கவாத்து பண்ணினா வெட்டின கிளையை வரப்புலதான் போடுவோம். அது அங்கயே காஞ்சு இலை உதிர்ந்து புல்லுக்குள்ள கிடக்கும். எங்க மாட்டை அந்த வரப்புல விடறதே இல்லை. வெளியூர்ல இருந்து புல் அறுக்க வர்றவங்களுக்கு அது தெரியறதில்லை, பச்சைப்பசேல்னு இருக்கேன்னு வந்து அறுத்துக் கட்டிட்டுப் போயிடறாங்க. எங்க ஊர்ப் புல் வாங்கறவங்க அரளிக் காட்டு வரப்பான்னு கேட்டுக்கங்க.

குப்பனூர் அடிவாரம்

பூக்காட்டுத் தம்பிக்குப் பெரிய நன்றி. இது எல்லாரும் படிக்க வேண்டிய விசயம். கிலுகிலுப்பையாவது மெதுவா வேலை செய்யும், ரத்தம் எடுத்துப் பார்க்க நேரம் இருக்கும். அரளி அப்படி இல்லை. காஞ்ச இலை ஒரு கைப்பிடி உள்ள போனாலே இதயத்தை நிறுத்திடும், காலையில பார்க்கிறப்ப குதிரை லாயத்துல செத்துக் கிடக்கும். இலை நீளமா, தடிப்பா, தோல் மாதிரி இருக்கும். நடுநரம்பு எடுப்பாத் தெரியும், ரெண்டு பக்கமும் கிளை நரம்பு நெருக்கமா நேரா ஓடும். காஞ்சாலும் சட்டுனு நொறுங்காது, அதனால உதறினாக் கண்ல படும். கட்டுல அரளி இலை ஒண்ணு கண்டாலும் நான் அந்த லோடையே திருப்பி அனுப்பிடுவேன், அதுல விலை பேச்சே கிடையாது.

அம்மா, டாக்டர் சொன்னபடி ரத்தம் எடுத்துடுங்க. அதுவரைக்கும் தீவனத்துக்கு என்ன பண்றதுன்னு யோசிப்பீங்க. ஒரேயடியாப் புதுசுக்கு மாத்தினா வயித்துவலி வந்துடும், அது தனிக் கஷ்டம். நீங்க ஏற்கெனவே தோட்டத்துல அறுத்துப் போடற பச்சைப்புல்லு எதுன்னு பாருங்க, அதை அதிகப்படுத்துங்க. பிரிச்சுப் பார்த்ததுல சுத்தம்னு நீங்களே சொன்ன கட்டு இருக்கே, அதை இன்னொரு தடவை உதறிட்டு அதுவும் போடலாம். கூடவே நல்ல வைக்கோலோ கேழ்வரகுத் தட்டோ கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து, ஒரு வாரம் பத்து நாள்ல முழுசா மாத்திக்கங்க. மட்டக்குதிரைக்கு நறுக்கினதைத் தண்ணி தெளிச்சுக் கொடுங்க. கொழுக்கட்டைப்புல் யாராவது தர்றேன்னு சொன்னா, மாட்டுக்கு அருமையான புல்தான், குதிரைக்கு அதை மட்டுமே போடக்கூடாது. அதுல இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைச் சேர விடாம பண்ணிடும், நாளடைவுல முகத்து எலும்பு வீங்கும்.

கெட்ட கட்டை மாட்டுக்காரங்க யாருக்கும் இலவசமாக்கூட கொடுத்துடாதீங்க. வர்றவங்க கேட்பாங்க, நல்லாத்தானே இருக்குன்னுவாங்க. மாட்டுக்கும் அதே ஈரல்தான் போகும், அந்த விஷம் பால்லயும் கொஞ்சம் இறங்கும். படுக்கைக்கும் வேண்டாம். எருக்குழியில போட்டா விதை அத்தனையும் உங்க காப்பிக்குள்ள முளைச்சு வரும், அதனால அதுவும் வேண்டாம். தார்ப்பாய்ல விழுந்த விதையோட சேர்த்து, தோட்டத்துக்கு வெளியில, மழை இல்லாத நாளாப் பார்த்து, காத்து மரத்துப் பக்கம் அடிக்காத இடத்துல கொளுத்திடுங்க. புல் விரிச்ச முற்றத்தையும் நல்லாக் கூட்டிடுங்க, கோழி விட்டிருந்தா கூட்டற வரைக்கும் அடைச்சு வைங்க.

கொடுத்தவர்கிட்டச் சண்டை போட வேண்டாம், அவர் மாட்டுத் தீவனம்னு நினைச்சுத்தான் கொடுத்திருப்பார். அடுத்த லோடுக்கு முன்னாடி ஒருநாள் கீழே இறங்கி, அறுக்கப் போற இடத்தை அவரோடயே சுத்திப் பாருங்க. வாழப்பாடி போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன். ஏரிக்குள்ள இப்போ தேள்கொடுக்கு பூவிட்டு நிக்கிற நேரம், நேர்ல காட்டிட்டா அப்புறம் உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சக்குட்டை தோட்டம்

கண்டிப்பா வர்றோம் ஐயா. எங்க வீட்டுல வேலை செய்யற அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன், தேள்கொடுக்கை முதல்ல கண்டுபிடிச்சதே அவங்கதான். ரத்தம் எடுக்க டாக்டர் நாளைக்குக் காலையில வர்றதா சொல்லியிருக்கார். ரிசல்ட் வந்ததும் இங்கயே எழுதறேன்.